எத்தனை கிளிக், எத்தனை வினாடி: என்லார்ஜரில் அப்பர்ச்சரும் நேரமும் குறிப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. பழைய பேப்பரும் உடைந்த குடையும் காலி சிலிண்டரும் கிடந்த இடம். அதைத்தான் என் டார்க்ரூம் (ஃபோட்டோ பிரிண்ட் போடும் இருட்டறை) ஆக்கிக்கொண்டேன். படிக்கட்டின் சரிவு காரணமாக என்லார்ஜரின், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவியின், தலையை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. அதனால் 8-க்கு 10 இஞ்சுக்கு மேல் நான் பிரிண்ட் போட்டதே இல்லை. இந்த வழிகாட்டியும் அந்த அளவை வைத்தே எழுதியது.

புதிதாகக் கற்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: “எட்டுல எத்தனை செகண்ட் வைக்கணும்?” (எட்டு என்பது லென்ஸ் துளையின் அளவு.) ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல வழியில்லை. நெகட்டிவ் எவ்வளவு கனம் (அதாவது எவ்வளவு கருப்பு), தலை எவ்வளவு உயரம், பல்பு என்ன, பேப்பர் என்ன, ஃபில்டர் என்ன, டெவலப்பர் (பேப்பரில் படத்தை வரவைக்கும் ரசாயனம்) எத்தனை சூடு, நம் ஊர்களில் அன்றைக்குக் கரண்ட் எப்படி, எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை. அப்புறம் நேரம். அப்புறம்தான் ஃபில்டர், அதாவது பிரிண்டின் கான்ட்ராஸ்டை (கருப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை) மாற்றும் வண்ணத் தகடு. மூன்றையும் ஒரே நேரத்தில் திருகிக்கொண்டிருந்தால் பேப்பர் பெட்டி காலியாகுமே தவிர, எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

முதலில் துளை

35 மி.மீ. ஃபிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6-க்கு 6 செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80. எல்-நிக்கோர், காம்போனான், ரோடகன் என்று எது கிடைத்தாலும், 2.8-இல் தொடங்கும் 50 மி.மீ. லென்ஸின் வளையத்தில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். இந்த ஒரு படிக்குப் பேர்தான் ஸ்டாப்; வளையம் அங்கே ‘கிளிக்’ என்று நிற்கும். அதே கருமை வேண்டுமென்றால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 8-இல் 16 வினாடி சரியாக வந்த பிரிண்ட் 5.6-இல் 8 வினாடி, 4-இல் 4 வினாடி, 11-இல் 32, 16-இல் 64. கணக்குக்கு எல்லாம் ஒன்று. பிரிண்டுக்கு ஒன்றல்ல.

முழுக்கத் திறந்தால் ஓரங்கள் மென்மையாகிவிடும். மூலைகளில் வெளிச்சம் குறையும். நாம் போடுவது நெகட்டிவிலிருந்து என்பதால், வெளிச்சம் குறைந்த மூலை பிரிண்டில் வெளுத்துத் தெரியும். கேமராவில் மூலை கருக்கும், இங்கே நேர்மாறு. ரொம்ப மூடினால் வேறு வினை. துளை சிறுத்தால் வெளிச்சம் அதன் விளிம்பில் வளைந்து பரவுகிறது. ஊசி முனையாக நிற்க வேண்டிய கிரெயின் (ஃபிலிமின் பொடிமணிகள்) குழைகிறது. நெகட்டிவை 8 மடங்கு பெரிதாக்கும்போது லென்ஸில் 16 என்று இருப்பது பேப்பரில் விழும் வெளிச்சத்துக்கு 16-ஐ 9-ஆல் பெருக்கிய 144 போல நடந்துகொள்ளும் என்றால் புரியும். (8 மடங்கோடு ஒன்று கூட்டி 9. இந்தக் கணக்கு பின்னால் இன்னொரு இடத்திலும் வரும்.)

ஆக, முழுத் திறப்பிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் மூடின இடமே பெரும்பாலான லென்ஸுகளுக்கு நல்ல இடம். 2.8 லென்ஸுக்கு 5.6-உம் 8-உம். 4-இல் தொடங்கும் லென்ஸுக்கு 8-உம் 11-உம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில்தான் என் என்லார்ஜரை வாங்கினேன். அங்கிருந்த பெரியவர் கட்டிக் கொடுக்கும்போது சொன்னது இவ்வளவே: “தம்பி, எட்டுல வச்சுட்டு வேலையப் பாரு. வெளிச்சம் பத்தலன்னா ஒரு கிளிக் திற. அதுக்கு மேல தொறக்காத.” அவர் டைமரே வைத்துக்கொள்ளாமல் மனசுக்குள் எண்ணிக் கழுவியவர். வருஷக்கணக்கில் பார்த்த பிறகும் அவர் சொன்னதில் மாற்ற வேண்டியது எதையும் நான் காணவில்லை.

நம் கடற்கரைக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை வேகமாகப் பிடிக்கும். பழைய லென்ஸை வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகளோ பால் படர்ந்த மாதிரி மங்கலோ இருந்தால், எந்த அப்பர்ச்சரில் வைத்தாலும் வெள்ளை வெள்ளையாக வராது. வேலை முடிந்ததும் லென்ஸைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: ஃபோகஸ் செய்வது முழுத் திறப்பில், வெளிச்சமாக இருக்கும்போது. பிறகு 8-க்கு மூடி, கிரெயினைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெயின் ஃபோகஸரில் மறுபடி ஒருமுறை பாருங்கள். சில லென்ஸில் மூடும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகரும். வளையத்தை இருட்டில் திருப்புவது காதாலும் விரலாலும் நடக்கிற வேலை. 2.8-இலிருந்து டக், டக், டக், மூன்றாவது டக் 8. சில லென்ஸில் அரை ஸ்டாப்புக்கும் கிளிக் உண்டு, அங்கே எண்ணிக்கை மாறும். வாங்கினதும் பகலிலேயே கண்ணை மூடி எண்ணிப் பழகிவிடுங்கள்.

10 முதல் 20 வினாடிக்குள்

அப்பர்ச்சர் 8 என்று வைத்துக்கொண்டோம். நேரம் 10-க்கும் 20-க்கும் நடுவில் விழுந்தால் நல்லது. 3 வினாடி, 4 வினாடி என்று வந்தால் பல்பு சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர எடுக்கும் அரைக் கணமே பெரிய பங்காகிவிடும். ஒரு பிரிண்ட் மாதிரி இன்னொன்று வராது. டாட்ஜ் செய்ய (ஒரு பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்க) கையை உள்ளே கொண்டுபோவதற்குள் நேரம் முடிந்துவிடும். 40, 50 வினாடிக்கு மேல் போனால் நெகட்டிவ் சூட்டில் உப்பி ஃபோகஸ் போகும், மேசை அதிரும், சேஃப்லைட் (டார்க்ரூமின் சிவப்பு விளக்கு) பேப்பரை மெல்லக் கெடுக்கும். ரோட்டில் பஸ் போகும்போது என் மேசையில் இருக்கும் டம்ளர் தண்ணீரில் வளையம் வருவதைப் பார்த்திருக்கிறேன். மேலே ஓடும் ஃபேனும் அப்படித்தான். மே மாதத்தில் கஷ்டம்தான், ஆனால் பல்பு எரியும் நேரம் மட்டுமாவது ஃபேனை நிறுத்துங்கள்.

கனமான நெகட்டிவ், 8-இல் 45 வினாடி கேட்கிறதா? ஒரு கிளிக் திறந்து 5.6-இல் 22. மெலிந்த நெகட்டிவ், 4 வினாடி போதும் என்கிறதா? 11-க்கு மூடி 8 வினாடி. இன்னும் மூட வேண்டிவந்தால் 16-க்குப் போகாமல் பல்பை வாட் குறைந்ததாக மாற்றுவது மேல்.

டெஸ்ட் ஸ்ட்ரிப்: நிறுத்தி நிதானமாக

ஒரே பேப்பர் துண்டில் பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் கொடுத்துப் பார்ப்பதுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். எல்லாரும் சொல்லித்தருவது 5, 10, 15, 20, 25 வினாடி என்ற படிகள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் ஒரு கோளாறு இருக்கிறது. 5-இலிருந்து 10 ஒரு முழு ஸ்டாப். 20-இலிருந்து 25 ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் இரண்டு பட்டைக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், கடைசி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பேப்பர் வினாடியை எண்ணுவதில்லை, மடங்கை எண்ணுகிறது. படிகளும் மடங்காக ஏற வேண்டும்.

அரை ஸ்டாப் படிகள் இப்படி: 8, 11, 16, 23, 32. இதைப் போட, முதலில் முழு ஸ்ட்ரிப்புக்கும் 8 வினாடி. ஒரு பங்கை அட்டையால் மூடி 3 வினாடி. இன்னொரு பங்கையும் மூடி 5. பிறகு 7. பிறகு 9. எட்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. இதை டார்க்ரூம் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு நெகட்டிவை எடுத்துக்கொள்வோம். வைத்திக்குப்பத்தில் காலை எட்டு மணிக்கு எடுத்தது. பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், முன்னால் ஒருவர் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருக்கிறார், இடப்பக்கம் தார் பூசிய படகின் நிழல் பக்கம். ஸ்ட்ரிப்பை எங்கே வைப்பது? சுவரில் மட்டும் வைத்தால் சுவர்தான் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்சம் சுவர், கொஞ்சம் ஆள், கொஞ்சம் படகு வரும்படி, ஸ்ட்ரிப்பைக் குறுக்கே சாய்த்து வைத்தேன். தாளை நாலாகக் கிழித்தால் ஒரு தாளில் நான்கு ஸ்ட்ரிப். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பேப்பர் கிடைத்த காலம் போய்விட்டது. இப்போது வாங்குவது இறக்குமதிப் பேப்பர். ஆனாலும் ஸ்ட்ரிப்பில் கஞ்சத்தனம் பார்த்து விரல் அகலத்துக்கு வெட்டாதீர்கள், ஒன்றும் தெரியாது.

பல்பை ஐந்து முறை போட்டு அணைத்தால் ஒவ்வொரு முறையும் சூடாகும் நேரம் வீணாகும். மூன்று துண்டாகக் கொடுத்த 16 வினாடியும் ஒரேயடியாகக் கொடுத்த 16 வினாடியும் ஒன்றாக இருக்காது. அதனால் பல்பை எரியவிட்டே, சத்தத்தைக் கேட்டு அட்டையை நகர்த்துகிறேன். நிமிடத்துக்கு 60 அடி அடிக்கும் மெட்ரோனோம் ஆப் போதும். ஃபோன் கதவுக்கு வெளியே இருக்கட்டும். சட்டைப்பையில் வைத்திருந்தபோது யாரோ கூப்பிட, மெல்லிய காட்டன் துணி வழியே வந்த வெளிச்சத்தில் ஒரு முழுத் தாள் போனது.

ஸ்ட்ரிப்பை டெவலப்பரில் முழு நேரம் விடுங்கள். இல்ஃபோர்டின் மல்டிகிரேட் டெவலப்பர் 1-க்கு 9 தண்ணீர் கலந்து 20 டிகிரியில் இருந்தால், ஆர்.சி. பேப்பருக்கு (பிளாஸ்டிக் பூசிய பேப்பர்) 1 நிமிடம். கருக்கிறதே என்று பயந்து பாதியில் தூக்கினால் திட்டுத் திட்டான சாம்பலும் சோகை பிடித்த கருப்பும்தான் கிடைக்கும். அந்த ஸ்ட்ரிப்பை வைத்து நேரத்தைக் குறிக்கவும் முடியாது. சிவப்பு விளக்கில் எல்லாப் பிரிண்டும் உள்ளதைவிடக் கருப்பாகவே தெரியும். நல்ல பிரிண்ட் என்று மகிழ்ந்து வெளியே கொண்டுவந்தால் வெளுத்திருக்கும். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் போட்டு, கழுவி, சாதாரண விளக்கில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

என் ஸ்ட்ரிப்பில் 8 வினாடியில் சுவர் வெறும் பேப்பர். 11-இல் சுவரின் சுரண்டல்கள் லேசாக எட்டிப் பார்த்தன. 16-இல் சுவர் அழுக்காகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, கால் ஸ்டாப் ஏற்றி, 13.5 வினாடி. இதை அப்படியே நம்பாமல் ஆளின் முகத்துக்கு நேரே ஒரு துண்டு வைத்து ஒரே வீச்சில் 13.5 கொடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கவனிக்க வேண்டியது: நேரத்தைக் குறித்தது சுவரை வைத்து. படகின் கருப்பை வைத்து அல்ல. வெளிச்சமான பகுதியில் விவரம் எந்த வினாடியில் வருகிறதோ அதுவே நேரம். கருப்பு போதவில்லை என்றால் அது ஃபில்டர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. கருப்புக்காக நேரத்தைக் கூட்டினால் சுவர் சாம்பலாகிவிடும்.

ஃபில்டர் மாற்றினால்

மல்டிகிரேட் ஃபில்டர்கள் 00-இல் தொடங்கி 5 வரை போகும்; எண் ஏற ஏற கான்ட்ராஸ்டும் ஏறும். இல்ஃபோர்டின் வரிசையில் 00 முதல் 3½ வரை ஒரே நேரம், 4 முதல் 5 வரை இரட்டிப்பு. 2-ஆம் எண் ஃபில்டரில் படகு சாம்பலாக இருந்ததால் 3-க்குப் போனேன். நேரம் அதே 13.5. 4-க்குப் போயிருந்தால் 27 வினாடி, அல்லது ஒரு கிளிக் திறந்து 5.6-இல் அதே 13.5. நான் கிளிக்கைத்தான் திறப்பேன், பழகிய கைக்கு நேரம் மாறாமல் இருக்கும். ஃபில்டர் மாற்றிய பின் ஒரு சின்னத் துண்டில் சரிபார்க்காமல் முழுத் தாளை எடுக்க வேண்டாம். ஃபில்டர் இல்லாமல் தொடங்கி நடுவில் போட்டால் கணக்கே மாறிவிடும். முதல் ஸ்ட்ரிப்பிலேயே 2-ஐப் போட்டுவிடுங்கள்.

டாட்ஜ், பர்ன்: இதுவும் மடங்குதான்

சுவரின் வலது மேல் மூலை இன்னும் வெளுப்பாக இருந்தது. அங்கே மட்டும் அரை ஸ்டாப் கூட்ட வேண்டும், இதற்குப் பேர் பர்ன். 13.5-க்கு அரை ஸ்டாப் என்றால் கூடுதலாக 5.5 வினாடி, முழு ஸ்டாப் என்றால் இன்னொரு 13.5. படகின் நிழலில் பலகை இணைப்புகள் தெரிய மூன்றில் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும்: 13.5-இல் ஏறக்குறைய 3 வினாடி மறைப்பு. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஐந்து ரூபாய் நாணய அளவு ஓட்டை போட்டால் பர்ன் கருவி. வெட்டி எடுத்த அதே வட்டத்தை மெல்லிய கம்பியில் ஒட்டினால் டாட்ஜ் கருவி. கை நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கட்டும், நின்றால் விளிம்பு கோடு விழும். 5 வினாடிப் பிரிண்டில் இதையெல்லாம் செய்யவே முடியாது. 13.5 வினாடியில் மூச்சு விட்டுச் செய்யலாம்.

தலையை ஏற்றினால்

5-க்கு 7 இஞ்சில் நன்றாக வந்ததை 8-க்கு 10-இல் போடும்போது வெளிச்சம் பரந்து மெலியும். முன்பு சொன்ன கணக்கு இங்கே உதவும். நெகட்டிவின் 36 மி.மீ. அகலம் ஈசலில் (பேப்பரைப் பிடித்து வைக்கும் சட்டம்) 18 செ.மீ. ஆக விழுந்தால் 5 மடங்கு. 29 செ.மீ. என்றால் 8 மடங்கு. இரண்டோடும் ஒன்று கூட்டுங்கள்: 6, 9. ஒன்பதை ஆறால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.25. சின்னதில் 10 வினாடி என்றால் பெரியதில் 22.5 வினாடி, அல்லது ஒரு கிளிக் திறந்து 11 வினாடி. தொடக்கத்துக்கு இது போதும், கடைசி வார்த்தை ஸ்ட்ரிப்புடையது.

ஸ்ட்ரிப்பே இல்லாமல் கிட்டத்தட்ட நேரம் தெரிய ஒரு குறுக்குவழி உண்டு. தலையை 8-க்கு 10 உயரத்தில் நிறுத்தி, நெகட்டிவ்களைப் பேப்பர்மேல் அப்படியே பரப்பிக் காண்டாக்ட் ஷீட் போடும்போது, ஃபிலிமின் வெறும் ஓரம் பேப்பரின் முழுக் கருப்போடு கலந்து மறையும் முதல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே உயரம், அதே கிளிக், அதே ஃபில்டர், அதே நேரம்: ஒழுங்காக எக்ஸ்போஸ் ஆன நெகட்டிவ்கள் அதில் பிரிண்டுக்கு மிக அருகே வந்து நிற்கும்.

கரண்ட்

எந்தப் புத்தகத்திலும் இதற்கு இரண்டு வரிக்கு மேல் படித்த நினைவு இல்லை. எனக்கு இதுவே பாதிப் பிரச்சினை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். 230 வோல்ட் 207-க்கு இறங்கினால் அரை ஸ்டாப் போச்சு. 13.5 வினாடி வேலையை 19 வினாடி செய்ய வேண்டும். அது மட்டுமா, மங்கின பல்பு சிவக்கும், நீலம் குறையும், மல்டிகிரேட் பேப்பரில் கான்ட்ராஸ்டும் சேர்ந்து இறங்கும்.

ஒரு சித்திரை மாலை, ஏழு மணி. வரிசையாக நான்கு பிரிண்ட். முதல் இரண்டு அருமை, அடுத்த இரண்டும் வெளிறிப்போயின. டெவலப்பர் தீர்ந்துவிட்டது என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். ஐந்தாவதும் வெளிறியது. லென்ஸை, ஃபில்டரை, டைமரை எல்லாம் சந்தேகப்பட்டு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. எங்கள் ஹாலில் ஃபேன் சோம்பலாகச் சுற்றியது. நல்ல டெவலப்பரைச் சாக்கடையில் ஊற்றியதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து பிளக்கில் செருகும் ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வைத்திருக்கிறேன். அதன் எண்கள் சிவப்பில் ஒளிர்ந்தாலும் மேலே கருப்பு டேப் ஒட்டி, தேவைப்படும்போது தூக்கிப் பார்ப்பேன். ஃப்ரிட்ஜுக்குப் போடும் சாதாரண ஸ்டெபிலைசர் கட்டம் கட்டமாகத்தான் சரிசெய்யும். எக்ஸ்போஷர் நடுவில் ‘டொக்’ என்று அது மாறினால் வெளிச்சமும் தாவும். சர்வோ வகை மேல். வாங்க வசதியில்லாவிட்டால் இரவு பத்தரைக்கு மேல் பிரிண்ட் போடுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன். பெரிய பிரிண்ட் போடும் அன்று ஸ்ட்ரிப்புக்கும் கடைசித் தாளுக்கும் நடுவே மீட்டர் 3, 4 வோல்ட்டுக்கு மேல் ஆடினால், இன்னொரு ஸ்ட்ரிப்.

சூடு

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மே மாதத்தில் டீ போடலாம் போல இருக்கும். டெவலப்பர் ட்ரேயை அதைவிடப் பெரிய ட்ரேயில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் உறைய வைத்த பாட்டிலைப் போடுங்கள். 20 டிகிரிக்கு வராவிட்டால் 24-இல் நிலையாக நிற்கட்டும். நிலையாக நிற்பதுதான் முக்கியம். ஒன்பது மணிக்கு 22-இல் குறித்த நேரம் பதினோரு மணிக்கு 29-இல் செல்லாது.

ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூசாதது) காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் கருக்கும். ஈரத்தில் மிகச் சரியாக இருப்பது காய்ந்தபின் கனத்துவிடும். ஸ்ட்ரிப்பை ஹேர் டிரையரில் காயவைத்துப் பார்த்து, தேவையானால் நேரத்தில் 5 முதல் 10 சதவீதம் குறையுங்கள். ஆர்.சி.யில் இது அவ்வளவு தொந்தரவில்லை.

பிரிண்ட் முடிந்ததும் அதன் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். வைத்திக்குப்பம் படத்தின் பின்னால் இருப்பது இது: “8 மடங்கு. அப்பர்ச்சர் 8. ஃபில்டர் 3. 13.5 வினாடி. படகு மறைப்பு 3. வலது மேல் மூலை கூடுதல் 5.5. டெவலப்பர் 24 டிகிரி, 1 நிமிடம். 228 வோல்ட். ராத்திரி 11.20.”